ஸ்கிரீனிங்: திரையா, சல்லடையா, வேறொன்றா?

பாலுறவு வழியாகப் பரவும் ஒரு பாக்டீரியத் தொற்றுக்குக் கிளமிடியா என்று பெயர். 'இளைஞர்களுக்கான கிளமிடியா திரையிடல்' என்று ஒரு மருத்துவக் குறிப்பில் இருந்தால், படிப்பவர் ஏதோ படம் போடப்போகிறார்கள் என்று நினைப்பார். அவர்மேல் தவறில்லை. ஸ்கிரீனிங் என்ற சொல்லின் இரண்டு பொருள்களில் பொருந்தாததைத் தமிழுக்குக் கொண்டுவந்ததுதான் தவறு.

ஸ்கிரீன் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் அது, அடுப்புத் தீயின் வெக்கை ஆள்மேல் படாமல் மறைக்கும் தட்டியைக் குறித்தது. பிறகு தானியம், மணல், நிலக்கரி சலிக்கும் பெரிய சல்லடைக்கும் அதே பெயர் வந்தது. மருத்துவம் எடுத்துக்கொண்டது இந்தச் சல்லடையைத்தான். நன்றாக இருப்பதாகத் தோன்றும் ஒரு கூட்டத்தில், உள்ளே தொற்று இருக்கக்கூடியவர் யார் என்று எளிய சோதனையால் பிரித்துப் பார்ப்பதே ஸ்கிரீனிங். திரை மறைக்கும், இதுவோ மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவது. 'திரையிடல்' என்றால் பொருள் நேர்எதிராகிவிடுகிறது.

கிளமிடியா என்ற பெயருக்குள்ளும் ஒரு மறைப்பு இருக்கிறது. கிரேக்கத்தில் கிளமிஸ் என்றால் தோளில் போர்த்தும் மேலாடை. இந்த நுண்ணுயிரி உயிரணுவுக்குள் புகுந்து, அதன் உட்கருவைப் போர்த்தியதுபோல் தெரிந்ததால் 1907-ல் ஆய்வாளர்கள் அந்தச் சொல்லிலிருந்து பெயர் எடுத்தார்கள். நோயின் போக்கும் அப்படித்தான். தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கும், ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும் எந்த அறிகுறியும் தெரியாது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் சில பெண்களுக்குக் கருக்குழாயில் தழும்பு விழுந்து, பின்னாளில் குழந்தையின்மையோ கருக்குழாய்க் கர்ப்பமோ வரலாம். கண்டுபிடித்தாலோ சில நாள் மாத்திரையில் குணமாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 1968-ல் வெளியிட்ட ஸ்கிரீனிங் நெறிகளும் இதைத்தான் கேட்கின்றன: நோய் முக்கியமானதா, வெளியே தெரியாத ஒரு காலம் அதற்கு உண்டா, ஏற்ற சோதனையும் சிகிச்சையும் இருக்கின்றனவா?

அப்புறம், 'பால்வினை நோய்' என்ற தொடர். நம்மிடம் நன்றாக வேரூன்றிய சொல்தான். ஆனால் தமிழ்க் காதில் 'வினை' என்றதும் 'செய்த வினை' என்ற நிழலும் சேர்ந்து விழுகிறது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சோதனைக்கு வரத் தயங்குவதில் அந்த நிழலுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 'நோய்' என்ற பாதியும் முழுக்கப் பொருந்தவில்லை, ஏனென்றால் அறிகுறியே இல்லாதவருக்கு இருப்பது தொற்று. 'பாலுறவுவழித் தொற்று' என்று சொன்னால், அது வந்த வழியை மட்டும் சொல்கிறது; ஆளை எடைபோடுவதில்லை.

சரி, ஸ்கிரீனிங்குக்குத் தமிழில் என்ன? 'சல்லடைச் சோதனை' பொருளுக்கு மிக அருகில் வருகிறது. 'வடிகட்டல்' என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் சலித்தாலும் வடிகட்டினாலும் மேலே தங்குவது கப்பியும் கசடும். தொற்று இருக்கிறது என்று தெரியவந்த ஓர் இளைஞனை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் 'முன்னறி சோதனை' என்பதையே தேர்வேன். அறிகுறி வருமுன் அறிவது என்று காதில் விழுந்ததும் புரியும்.

குடும்ப மருத்துவரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தச் சொல்லுக்குத் தனி வேலை இருக்கிறது. இளைஞர்கள் அங்கே பெரும்பாலும் காய்ச்சலுக்கோ, முகப்பருவுக்கோ, கருத்தடை மாத்திரைக்கோதான் வருவார்கள். வந்த இடத்தில் சோதனை செய்துகொள்கிறீர்களா என்று கேட்பதற்கு 'வாய்ப்புவழி முன்னறி சோதனை' என்று பெயர் வைக்கலாம். இங்கிலாந்தில் 2003-ல் தொடங்கிய கிளமிடியா திட்டம் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த முறையில்தான் சோதனையை முன்வைத்தது. "உங்கள் வயதில் வருகிற எல்லோரிடமும் கேட்கிறோம். விருப்பமிருந்தால் செய்துகொள்ளலாம்" என்று செவிலியர் சொன்னால் போதும், பாதித் தயக்கம் போய்விடும். பரிசோதனை மேசைமேல் ஏறிப் படுக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு முதலில் வரும் சிறுநீர் கொஞ்சம். பெண்கள் பஞ்சுக்குச்சியால் தாங்களே யோனியிலிருந்து மாதிரி எடுத்துக் கொடுக்கலாம்.

முன்னறி சோதனையை 'நோயறி சோதனை'யோடு, அதாவது நோய் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் சோதனையோடு, குழப்பிக்கொள்ளக் கூடாது. எச்.ஐ.வி., சிபிலிஸ் போன்றவற்றில் முதல் சோதனை 'இருக்கலாம்' என்று காட்டினால், உறுதிப்படுத்த இன்னொரு சோதனை உண்டு. முதல் தாளைப் பார்த்தே மனம் உடைந்துபோக வேண்டாம். தொற்று ஏற்பட்ட மறுநாளே சோதித்தால் தெரியாமலும் போகலாம். கிளமிடியாவுக்குப் பொதுவாக இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பார்கள்.

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், வழக்கத்துக்கு மாறான கசிவு, புண், அடிவயிற்று வலி ஏதாவது ஒருவருக்கு இருந்தால் முன்னறி சோதனை என்ற சொல்லே அவருக்குப் பொருந்தாது. அவருக்குத் தேவை நோயறி சோதனை, அதோடு தாமதமில்லாமல் ஒரு மருத்துவர்.