பிளாசா: சொல் விளக்கம்

நம் ஊரில் பிளாசா என்றால் ஒன்று கடைகள் நிறைந்த குளிரூட்டிய கட்டடம், இல்லையென்றால் நெடுஞ்சாலையில் காசு கட்டும் டோல் பிளாசா. இவை இரண்டுக்கும் வணிக வளாகம், சுங்கச்சாவடி என்ற சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. சொல்லின் சொந்தப் பொருள் வேறு: ஊர் நடுவே யாரும் வந்து, எதுவும் வாங்காமல், விரும்பும்வரை இருக்கக்கூடிய திறந்தவெளி.

வேர் கிரேக்கம். 'பிளாட்டிஸ்' என்றால் அகன்றது. 'பிளாட்டேயா' அகன்ற தெரு. அது லத்தீன் வழியாக ஸ்பானியத்தில் பிளாசா, இத்தாலியத்தில் பியாட்சா, பிரெஞ்சில் பிளாஸ் என்று ஆனது.

அமெரிக்கக் கண்டத்தில் புது ஊர்களை எப்படி அமைப்பது என்று ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1573இல் விதிகள் வகுத்தார். பிளாசாவின் நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். குதிரைகளோடு நடக்கும் விழாக்களுக்கு அதுதான் தோது. சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம் வேண்டும், வியாபாரிகள் அங்கே கூடுவார்கள் என்பதால். மக்கள் கூடுவதை முதலில் நினைத்து, அப்புறம் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். மெக்சிகோவின் பழைய ஊர்களில் மாலையானால் மொத்தக் குடும்பமும் பிளாசாவுக்கு வருவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நியூயார்க்கில் கதை வேறு. கட்டடத்தின் முன் பிளாசா விட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டலாம் என்று 1961இல் விதி வந்தது. இடம் விட்டார்கள், பலவற்றில் உட்கார ஒரு திண்டுகூட இல்லை, ஆளும் இல்லை. வில்லியம் ஒயிட் என்பவர் கேமரா வைத்து, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்றார். இவ்வளவு எளிய விஷயம் 1975இல்தான் அந்நகர விதிக்குள் ஏறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் 'சதுக்கம்' நிலைத்துவிட்டது. அது நான்கு தெருக்கள் கூடும் சந்தி. புகாரின் பூதசதுக்கம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. பொருளில் இன்னும் நெருக்கமானது 'மன்றம்'. புறநானூற்றின் 128ஆம் பாட்டில், மன்றத்துப் பலாமரத்தில் பரிசில் தேடி வந்தவர்கள் முழவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு மந்தி அதைப் பலாப்பழம் என்று நினைத்துத் தட்டுகிறது. வெளியூர்க்காரர் உரிமையோடு வந்து தங்கும் பொதுவிடம் அது. ஆனால் நீதிமன்றம், ரசிகர் மன்றம் என்று பழகிய காதுக்கு இன்று மன்றம் ஓர் அமைப்பாகத்தான் கேட்கிறது.

என் தேர்வு 'முற்றவெளி'. யாழ்ப்பாணத்தில் கோட்டையருகே உள்ள பெருந்திடலுக்கு இன்றும் அதுதான் பெயர். வீட்டு முற்றத்தின் நெருக்கமும் வெளியின் அகலமும் அதில் இருக்கின்றன. மாட்ரிட்டின் 'பிளாசா மயோர்' போன்ற இடப்பெயர்களை அப்படியே எழுதலாம். பொருள் சொல்ல வேண்டுமானால், பெரிய முற்றவெளி.