சீட்டுல எஸ்ஓஎஸ்னு எழுதியிருந்தா என்ன அர்த்தம்?

மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர்ல நிக்கிற ஃபார்மசிஸ்ட் நான், எங்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி இது. மாத்திரை பேருக்குப் பக்கத்துல டாக்டர் எழுதுற எஸ்ஓஎஸ், கப்பல் முழுகுறப்போ அனுப்புற சிக்னல் இல்லைங்க. அது 1906ல பெர்லின் மாநாட்டுல ஒத்துக்கிட்டது, விரிவாக்கமே கிடையாது, மோர்ஸ்ங்கிற தந்திக் குறியீட்டுல அடிக்க சுலபம்னு வச்சாங்க, "சேவ் அவர் சோல்ஸ்"லாம் பின்னாடி ஒட்டவச்ச கதை.

சீட்டுல இருக்கிறது லத்தீன், சி ஒபுஸ் சிட். "சி"ன்னா நம்ம "இருந்தா"ல கடைசியா வருதே, அந்த "ஆ". ஒபுஸ்னா வேலை, வெஸ்டர்ன் மியூசிக்ல ஓபஸ் நம்பர்னு போடுறாங்களே அதேதான், ஆனா "இரு"ங்கிற வினையோட சேர்ந்தா தேவைன்னு ஆயிடும். விஷயமே சிட்லதான் இருக்கு. எஸ்ட்னு சொன்னா "இருக்கு", அடிச்சுச் சொல்றது. அதையே சிட்னு மாத்துனா இருக்கலாம், இல்லாமலும் போகலாம்ங்கிற வினைவடிவம். ஆக "தேவைப்பட்டா" போடுங்க, தேவைப்படலேன்னா மாத்திரை அட்டையிலயே கிடக்கட்டும்.

நடக்கிறது என்னன்னா, பாதிப்பேர் மத்த மாத்திரையோட சேர்த்து மூணு வேளையும் முழுங்குறாங்க, மீதிப்பேர் எமர்ஜென்சிக்குத்தான்னு நினைச்சு ராத்திரி முழுக்க வலியில துடிச்சுட்டு காலைல வர்றாங்க. ரெண்டும் வேண்டாம்.

அதுக்காக தேவைப்படுறப்பல்லாம் இஷ்டத்துக்குப் போடலாம்னும் இல்லை. பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரைன்னா ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் குறைஞ்சது 4லருந்து 6 மணி நேரம் கேப் விடணும், பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் உச்சம், அதாவது ஆறு மாத்திரை தாண்டவே கூடாது, லிவர் பிரச்சனை, குடிப்பழக்கம், எடை கம்மின்னா இன்னும் குறையும். சளிக்குன்னு தனியா வாங்குற மாத்திரை நிறையதுலயும் இதே பாராசிட்டமால் இருக்கும், பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான், அதையும் கணக்குல சேர்க்கணும்.

"ஓ.டி." (OD)ன்னு எழுதுறது இதைவிட வில்லங்கம். மாத்திரைக்கு ஓம்னி டியே, தினம் ஒரு வேளை. கண் சீட்டுலயோ ஓகுலுஸ் டெக்ஸ்டர், வலது கண்ணு! சொட்டு மருந்துக்கு ஓ.டி.ன்னு மட்டும் கிறுக்கியிருந்தா நான் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் தருவேன், கோச்சுக்காதீங்க.

எஸ்ஓஎஸ் மாத்திரை வாங்குறப்போ எதுக்கு, எவ்வளவு இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனைன்னு கேளுங்க, கவர் மேலயே தமிழ்ல எழுதித் தரச் சொல்லுங்க, கூட்டமா இருந்தாலும் பரவாயில்லை.