சிங்கிள் மால்ட்டை ருசிக்க 10 மில்லி போதும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நண்பர் வீட்டில் நாலு பேர் கூடினோம். மேசையில் கிளென் மோரே கிளாசிக் என்ற சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி, 70 சென்டிலிட்டர் பாட்டில், ஆல்கஹால் 40 சதவீதம். இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் வரும் எல்ஜின் ஊரில் காய்ச்சுவது. சிங்கிள் மால்ட்டுகளில் விலை குறைந்தவற்றில் ஒன்று. 30 பவுண்டுக்குள் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். வீட்டுக்கார அண்ணா நாலு டம்ளரிலும் ஊற்றிவிட்டு, "ஆளுக்கு ஒரு ஸ்மால்தான், டாக்டர்" என்றார்.

நான் கல்லீரல் மருத்துவன். அடுப்படியில் இருமல் மருந்தோடு வந்த சின்ன அளவுக் குவளை கண்ணில் பட்டது. எடுத்து என் டம்ளரில் இருந்ததை அளந்தேன். 55 மில்லி. ஊற்றியவருக்கே நம்ப முடியவில்லை. அவர் மீது தப்பில்லை. அகலமான டம்ளரில் 55 மில்லி என்பது அடியில் ஒரு விரற்கடை உயரம்தான். நம்மூரில் ஸ்மால் என்றால் 30, லார்ஜ் என்றால் 60. இங்கே பப்பில் ஒரு அளவு என்றால் 25 அல்லது 35. வீட்டிலோ கை போன அளவு.

கிளினிக்கில் தினமும் நான் கேட்கும் பதில், "ரெண்டு பெக் தான் டாக்டர்" என்பது. அந்த இரண்டு 2.4 யூனிட்டாகவும் இருக்கலாம், 5 யூனிட்டாகவும் இருக்கலாம். யூனிட் என்பது இங்கே ஆல்கஹாலை அளக்கும் அலகு. கணக்கு சுலபம். மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். 25 மில்லி, 40 சதவீதம் என்றால் சரியாக 1 யூனிட். அதாவது 8 கிராம் சுத்த ஆல்கஹால். முழு பாட்டிலில் 28 யூனிட் இருக்கிறது. நாலு பேர் ஒரே இரவில் முடித்தால் ஆளுக்கு 7. ஆணோ பெண்ணோ, வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள், அதையும் மூன்று நாளுக்குக் குறையாமல் பிரித்துக்கொள்ளுங்கள் என்பது 2016-இல் பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் சொன்னது. அந்த 14-க்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை; ஆபத்து குறைவு என்றுதான் சொன்னார்கள். ஒரே ராத்திரியில் பாதி வாரம் போய்விடுகிறது.

பாட்டில் விலை குறைவாக இருக்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கிறது. 100 பவுண்டு பாட்டிலை யாரும் இப்படி ஊற்றுவதில்லை.

எனக்கு இந்த மால்ட் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன்: இதை ருசிக்க 10 மில்லி போதும். சிங்கிள் மால்ட் என்பது ஒரே டிஸ்டில்லரியில், முளைகட்டிய பார்லியில் மட்டும், செம்புப் பானைகளில் தவணை தவணையாக வடித்தது. சட்டப்படி குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் ஊறியிருக்க வேண்டும். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி ஊறிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில் மரத்தின் லிக்னின் சூட்டில் சிதைந்து வெனிலின் உண்டாகியிருக்கும். இந்தப் பாட்டிலைத் திறந்ததும் வரும் வெனிலா வாசம் அங்கிருந்து வந்தது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கில் நடக்கிறது. வாய் குறுகிய துலிப் வடிவக் கிளாஸில் 10 மில்லி ஊற்றுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல் முகவாய்க்கு நேரே பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பாருங்கள். அன்று முதலில் வெனிலா வந்தது, பிறகு எலுமிச்சைத் தோல், கடைசியில் வெண்ணெயில் உருக்கிய சர்க்கரை. பிறகு சில சொட்டுத் தண்ணீர். தண்ணீர் சேர்த்தால் கெட்டுவிடும் என்பார்கள். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரியில் பார்த்தபோது, புகை வாசம் தரும் குவையக்கால் மூலக்கூறு, தண்ணீர் சேர்ந்த விஸ்கியில் மேற்பரப்புக்கு வருவது தெரிந்தது. மூன்று பாட்டிலை ஆளுக்கு 10 மில்லி வீதம் ஒப்பிட்டாலும் 1.2 யூனிட்டில் முடிந்துவிடும். புகை வாசமுள்ள ஐலா தீவு மால்ட் இருந்தால் அது கடைசியில் வரட்டும். முதலில் வந்தால் மற்றது எதுவும் நாக்கில் நிற்காது.

"இது சுத்தமான சரக்கு, ஒன்றும் செய்யாது" என்று அன்றும் ஒருவர் சொன்னார். சுத்தம் என்பது உண்மை. ஸ்காட்ச்சில் தண்ணீரும் நிறத்துக்குக் கேரமலும் தவிர எதுவும் சேர்க்கக்கூடாது. ஆனால் கல்லீரலுக்கு வந்து சேருவது எத்தனால். அது அசிட்டால்டிஹைடாக மாறும். செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துவது அதுதான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே மதுபானங்களை முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. 12 வருடப் பாட்டிலுக்கும் 3 வருடப் பாட்டிலுக்கும் அதில் வித்தியாசமில்லை.

ஓட்டுகிறவர்கள் காலையைப் பற்றி யோசிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் 5 முதல், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு. அதற்கு முன் 80. மீறினால் குறைந்தது 12 மாதம் லைசென்ஸ் போகும். கல்லீரல் மணிக்குச் சுமார் 1 யூனிட்டைத்தான் கரைக்கும், ஆளுக்கு ஆள் மாறும். நடுராத்திரியில் உடம்பில் 8 யூனிட் மிச்சமிருந்தால் முழுதும் கரைய விடிந்து 8 மணி ஆகலாம். ஞாயிறு காலை பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறவர் ராத்திரியே இதைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். காப்பியும் குளியலும் தூக்கத்தைத்தான் விரட்டும், ஆல்கஹாலை இல்லை.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் கவனமாக இருங்கள். ஆல்கஹாலைக் கரைக்கும் வேலையில் இருக்கும் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல்: பார்ப்பவர்களுக்கு இது போதை போலவே தெரியும். "தூங்கட்டும், விடு" என்று சொல்லிப் படுக்க வைத்த நண்பர்களோடு அவசரப் பிரிவில் நான் பேசியிருக்கிறேன். விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். எழுப்பினால் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பிரிட்டனின் அவசர எண்ணான 999-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம். தினமும் அதிகமாகக் குடிப்பவர், இதைப் படித்துவிட்டு நாளையே ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்து, மருந்தின் துணையோடு நிறுத்துங்கள்.

அன்று என் டம்ளரில் 10 மில்லி மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி ஊற்றினேன். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கிளம்பும்போது பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது.

திங்கட்கிழமை அண்ணா போன் செய்தார். வாரத்தில் ஆறு நாள், சாப்பாட்டுக்கு முன் ஒரு ஸ்மால் அவர் பழக்கம். ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், வாரம் 7 யூனிட் என்று சொல்லி வந்திருக்கிறார். ஞாயிறு இரவு வழக்கம்போல ஊற்றி, அதே மருந்துக் குவளையில் அளந்து பார்த்திருக்கிறார். சரியாக 60 மில்லி. அப்படியானால் வாரத்துக்கு 14.4. போன வருடம் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்ததை நெய்யின் வேலை என்று நினைத்து நெய்யை நிறுத்தியிருந்தார். நெய் மட்டும் காரணம் இல்லை என்றேன். நம்மவர்களுக்கு உடல் எடை அதிகம் ஏறாமலேயே கொழுப்புக் கல்லீரல் வருகிறது, அதோடு குடியும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும், வலி எதுவும் தெரியாது. ஆனால் இந்த நிலையில் குடியை நிறுத்தினால் குடியால் சேர்ந்த கொழுப்பு சில வாரங்களிலேயே வடியத் தொடங்கும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஜி.பி.கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கணும், இந்தத் தடவை சரியான நம்பரைச் சொல்லணும்" என்றார்.