போலீஸ் நாயின் கடியும் வாசல் நாயின் கடியும்

காவலுக்கு நாய் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “ஆளைக் கண்டால் பாயுமா?” என்றுதான். போலீஸுக்கும் ராணுவத்துக்கும் நாய் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு பந்தை எடுத்துப் புதருக்குள் வீசுவார்கள். கண்ணில் படாத பந்தை நாய் எவ்வளவு நேரம் விடாமல் தேடுகிறது, வழுக்கும் தரையிலும் இருட்டறையிலும் தயங்காமல் அதன் பின்னால் போகிறதா என்று பார்ப்பார்கள். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாய்க்கு வெடிமருந்தைப் பற்றிக் கவலையே கிடையாது. அந்த வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான் அதன் கணக்கு.

ஸ்வீடனில் நாய்களின் சுபாவத்தை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. நாய் நடந்து வரும்போது மனித உருவப் பொம்மை ஒன்று திடீரென்று எதிரே எழும். தகரத்தின் மேல் சங்கிலி கடகடவென்று இழுபடும். வெள்ளைத் துணி போர்த்திய இருவர் பேய்போல மெல்ல நெருங்குவார்கள். கடைசியில் துப்பாக்கி வெடிக்கும். நாய் திடுக்கிடுவது பெரிதல்ல, திடுக்கிட்ட பிறகு என்ன செய்கிறது என்பதே முக்கியம். சில நாய்கள் உடனே திரும்பி வந்து பொம்மையை மோந்து பார்க்கும். சில நாய்கள் எட்ட நின்று குரைத்துத் தீர்க்கும்.

இப்படிச் சோதிக்கப்பட்ட 164 இனங்களைச் சேர்ந்த 15,329 நாய்களின் முடிவுகளை ஸ்வார்ட்பெர்க், ஃபோர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் அலசினார்கள். விளையாட்டு ஆசை, புதியதை அறியும் ஆர்வம், துரத்தும் வேகம், அந்நியரோடு பழகும் குணம் எல்லாம் கைகோத்து வந்தன. இந்தத் தொகுப்பைத் துணிச்சல் எனலாம். ஆக்ரோஷம் இதில் சேராமல் தனியே நின்றது. வேலை நாய்களுக்கான போட்டிகளில் நன்றாகச் செய்தவை துணிச்சல் மிகுந்தவையே.

இப்போது வீட்டு வாசலுக்கு வருவோம். தபால்காரர் கேட்டை நெருங்குகிறார். உள்ளூர அஞ்சும் நாய் குரைக்கிறது. அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். வேலை முடிந்ததால் போனார் என்பது நாய்க்கு எப்படித் தெரியும்? தான் விரட்டியதாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த ‘வெற்றி’ தினமும் கிடைப்பதால் குரைப்பு வலுக்கிறது. சங்கிலியில் கட்டிய நாய்க்கு விலகி ஓடவும் வழியில்லை. மிரட்டுவது ஒன்றே மிச்சம்.

கடியிலேயே வித்தியாசம் தெரியும். அஞ்சிய நாய் உடலைப் பின்னுக்கு இழுத்தபடி உறுமும், முன்பற்களால் வெடுக்கென்று கடித்துவிட்டுத் துள்ளி விலகும். குரைக்கிற நாய் கடிக்காது என்று நம்பிக் கேட்டைத் திறந்தவர்கள் இதை அறிவார்கள். நன்கு பழகிய போலீஸ் நாயோ பயிற்சியாளரின் கைக்கவசத்தைக் கடைவாய் வரை ஆழமாகக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அந்தக் கவசம் ஒரு பரிசுப் பொருள். கோபம் இல்லாததால்தான் ‘விடு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு வாயைத் திறக்க முடிகிறது.

இந்தச் சுபாவத்தில் ஒரு பகுதி பிறவியிலேயே வருகிறது என்றால், இன்னொரு பகுதி மிகச் சின்ன வயதில் உருவாகிறது. பிறந்து 3 வாரத்திலிருந்து சுமார் 12 வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அது பிறகு பெரும்பாலும் அச்சம் தருவதில்லை. 1961-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 14 வாரம் வரை மனிதரோடு பழகாமல் வளர்ந்த குட்டிகள் மனிதரைக் கண்டு மிரளும் காட்டு விலங்குபோல ஆகிவிட்டன. “குட்டியை யாரிடமும் பழக விடாதே, அப்போதுதான் காவல் காக்கும்” என்று நம்மூரில் தரப்படும் அறிவுரை, என் பார்வையில், கடிபட்டவர்களின் எண்ணிக்கையைக் கூட்டத்தான் உதவும்.

எல்லாக் காவல் நாயும் பயந்தாங்கொள்ளி என்று இதற்குப் பொருளல்ல. கோம்பை, ராஜபாளையம் போன்ற இனங்களுக்கு அந்நியரைச் சந்தேகிக்கும் குணம் தலைமுறைகளாக ஊறியது. வீட்டைக் காக்க அது போதும். சிக்கல் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் வருகிறது. போலீஸ் நாயைப் பார்த்து ஆசைப்பட்டு பெல்ஜியன் மாலினாய் வாங்கிக் காம்பவுண்டுக்குள் விடுகிறார்கள். நாள் முழுக்க வேலை கேட்கும் அந்த நாய்க்கு வேலை தராவிட்டால் தானே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும்: சோபாவைக் கிழிக்கும், தெருவில் சைக்கிள் ஓட்டும் சிறுவர்களைத் துரத்தும்.