வெட்டி ஒட்டத் தேவையில்லாத மரபணு

சிங்கப்பூர் தேக்காவில் மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்தாயிற்று. அந்த நெய்யையும் கொழுப்பையும் இனிமேல் சமாளிக்க வேண்டியது பித்தநீர்தான். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கும் பித்த அமிலங்கள், கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துக் குடல் உறிஞ்சும் பதத்துக்குக் கொண்டுவருகின்றன.

மனிதக் கல்லீரல் தயாரிப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: கோலிக் அமிலம், கீனோடீஆக்சிகோலிக் அமிலம். மூலக்கூறின் 12ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) இருந்தால் முதலாவது, இல்லாவிட்டால் இரண்டாவது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒன்றைச் சேர்க்கும் நொதி சிஒய்பி8பி1. சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எலிகளில் இந்த நொதியை நீக்கியபோது குடல் உறிஞ்சும் கொலஸ்ட்ரால் குறைந்தது.

நொதியைவிட அதன் மரபணுதான் எனக்குச் சுவாரசியம். பொதுவாக நம் மரபணுக்களில் புரதத்துக்கான எக்ஸான் பகுதிகளுக்கு நடுவே, புரதத்துக்குத் தேவைப்படாத இன்ட்ரான் பகுதிகள் குறுக்கிடும். செல், மரபணு முழுவதையும் ஆர்என்ஏவாக நகலெடுத்து, இன்ட்ரான்களை வெட்டியெறிந்து, மிச்சத்தை ஒட்டும். பித்த அமிலத் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் சிஒய்பி7ஏ1 மரபணு அந்த ரகம்: 6 எக்ஸான், 5 இன்ட்ரான். 3ஆவது குரோமோசோமில் இருக்கும் சிஒய்பி8பி1இல் ஓர் இன்ட்ரான்கூட இல்லை! புரதத்தில் 501 அமினோ அமிலங்கள்; தலைக்கு மூன்று டிஎன்ஏ எழுத்து, முடிவுக்குறிக்கு மூன்று. ஆக 1,506 எழுத்துகள், ஒரே ஓட்டமாக.

ஏற்கெனவே வெட்டி ஒட்டப்பட்ட பழைய ஆர்என்ஏ ஒன்று மறுபடி டிஎன்ஏவாக மாறிக் குரோமோசோமில் செருகிக்கொண்டால் இப்படி ஆகலாம். அத்தகைய நகல்கள் பெரும்பாலும் இயங்காமலே கிடக்கும், இயக்கும் பகுதி கூடவே வராததால். இதற்கோ முன்புறம் நல்ல கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. ஹெச்என்எஃப்4 என்ற புரதம் அங்கே அமர்ந்து மரபணுவை முடுக்கும். பித்த அமிலம் தேங்கினால் எஃப்எக்ஸ்ஆர் என்ற புரதம் அதை உணர்ந்து எஸ்ஹெச்பி என்ற இன்னொரு புரதத்தைக் கூட்டும். எஸ்ஹெச்பி உற்பத்தியை அடக்கும்.

2019இல் சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் 4,810 பேரின் மரபணுத்தொகுதி ஆய்வு வெளியானது. அத்தகைய தரவில் இந்த மரபணுவைப் படிப்பது சுலபம். எழுத்து மாற்றம் வெட்டும் இடத்தைக் கெடுத்ததா என்ற கேள்வியே எழாது.

ஆய்வகத்தில் ஆர்என்ஏவை அளப்பவர்களுக்குத்தான் தலைவலி. மற்ற மரபணுக்களில் இரண்டு எக்ஸான் ஒட்டும் இடத்தில் பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்தால், கலந்துவிட்ட டிஎன்ஏ பெருகாது. இங்கே ஒட்டே இல்லை. பெருக்கியதை ஜெல்லில் ஓட்டினால், டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் ஒரே அளவில் பட்டை காட்டும். அதனால் முதலில் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்டு மாதிரியைச் சுத்தம் செய்ய வேண்டும். அப்புறம், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் நொதியே சேர்க்காத ஒரு குழாயையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் பட்டை வந்தால், சரி, மறுபடி முதலிலிருந்து.