சாஃப்ட்வேர் வாங்கும் முன் பாக்கி நோட்டைப் பாருங்கள்

மதுரையில் சிறு சேவை நிறுவனங்களுக்கு வரிக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஏசி சர்வீஸ், டிராவல்ஸ், லேப், செல்போன் பழுது பார்க்கும் கடை என்று பலவகைக் கணக்குகள் வரும். சாஃப்ட்வேருக்கு வருடச் சந்தா கட்டியிருப்பார்கள். ஆனால் பில் போட மட்டும்தான் அதைத் திறப்பார்கள். யார் எவ்வளவு பாக்கி, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் முதலாளியின் நினைவில்தான் இருக்கும். அப்புறம் லாபம் எங்கிருந்து கூடும்?

காளவாசல் பக்கம் ஓர் ஏசி சர்வீஸ் நிறுவனம். நாலு மெக்கானிக்குகள். பங்குனி பிறந்துவிட்டால் போன் ஓயாது. போன வீட்டில் கெப்பாசிட்டர் மாற்றியதையும் கேஸ் நிரப்பியதையும் மெக்கானிக் துண்டுச்சீட்டில் எழுதி வருவார். கவுன்டரில் இருக்கும் பெண் ராத்திரி அதைக் கணினியில் ஏற்றுவார். சீட்டு தொலைந்தால் பாகத்தின் காசும் போச்சு. அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ஏசியில் கேஸ் தானாகத் தீராது, கசிந்தால்தான் குறையும். போன மாதம் ஒருவர் நிரப்பிய வீட்டுக்கு இந்த மாதம் இன்னொருவர் போய், பழைய விவரம் தெரியாமல் மறுபடி நிரப்பிவிட்டு வருவார். கசிவு அப்படியே இருக்கும். வாடிக்கையாளர் சண்டைக்கு வந்த பிறகு மூன்றாம் தடவை போவதற்குக் காசு கேட்க முடியுமா?

அங்கே புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. வேலைக்கு ஓர் எண். மெக்கானிக் அந்த வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, இன்டோர் யூனிட்டின் சீரியல் நம்பர் தெரியும் போட்டோ, மாற்றிய பாகம், வாங்கிய தொகை மூன்றையும் அந்த எண்ணோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். கவுன்டரில் உடனுக்குடன் எக்செல்லில் ஏற்றிவிடுவார்கள். அடுத்து அதே வீட்டிலிருந்து போன் வந்தால், பழைய விவரத்தைக் கையில் கொடுத்துத்தான் ஆளை அனுப்புகிறார்கள். வருட ஒப்பந்தம் எது எப்போது முடிகிறது என்பதும் அதிலேயே இருப்பதால், மாசியிலேயே கூப்பிட்டுப் புதுப்பித்துவிடுகிறார்கள். காசில்லாமல் போய்வரும் வேலை குறைந்து, கோடையில் அதே நாலு பேரை வைத்துக் கூடுதல் வீடுகளைப் பார்க்க முடிந்தது. எனக்கு இதுதான் தொழில்நுட்பம்.

யுபிஐ விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். க்யூஆர் அட்டை பலர் கடையில் முதலாளியின் சொந்த சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மளிகையும் அதே கணக்கில். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இப்படிக் கலந்து கிடந்தால் தாண்டியதே தெரியாது. தொழிலுக்கென்று ஒரு நடப்புக் கணக்கைத் திறந்து, க்யூஆரை அதற்கு மாற்றுங்கள். உத்தேச லாப முறையில், அதாவது செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டி, வரி கட்டுபவர்களுக்கு யுபிஐ வரவில் ஆதாயமும் உண்டு: ரொக்க வரவில் குறைந்தது 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் போதும்.

இத்தனையும் பழகிய பிறகு எக்செல் தாங்கவில்லை என்றால் சரி, சாஃப்ட்வேர் வாங்குங்கள். விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, சந்தாவை நிறுத்தினால் நம் வாடிக்கையாளர் விவரம் முழுவதையும் எக்செல்லாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பது. முடியும் என்றால், உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு ஊழியர் ஒருவரிடம் மட்டும் இருக்க விடாதீர்கள்.