கை எங்கே நிற்கிறது என்று ரோபோவுக்குத் தெரியுமா?

எஃப்ஆர்சி என்கிற ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டிக்குத் தயாராகும் ஒரு பள்ளி அணிக்கு மாலை நேரங்களில் வழிகாட்டியாகப் போகிறேன். பம்பரும் பேட்டரியும் சேர்ந்தால் இந்த ரோபோக்கள் 50 கிலோவைத் தாண்டும். அதனால் ‘ரீசெட்’ என்ற வார்த்தை காதில் விழுந்தாலே நான் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

காரணம் உண்டு. ஒரு நாள் மாணவர் ஒருவர் நிரலில் ஒரு சின்ன எண்ணை மாற்றி ஏற்றினார். அப்போது ரோபோவின் கை பாதி உயரத்தில் நின்றிருந்தது. நிரல் புதிதாகத் தொடங்கியதும், கை எவ்வளவு சுழன்றது என்று அளக்கும் என்கோடர், தான் இருந்த இடத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. அடுத்து ‘90 டிகிரி மேலே போ’ என்ற கட்டளை. கை பாதியிலிருந்து இன்னொரு 90 டிகிரி ஏறப்பார்த்து, மேலே இருந்த தடுப்பில் மோதி அலுமினியக் குழாயை வளைத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. நிரலிலும் தப்பில்லை, பார்க்கப்போனால்.

அன்றிலிருந்து எங்கள் பழக்கம் இதுதான்: முதலில் டிசேபிள், அதாவது மோட்டார்கள் இயங்காதபடி நிறுத்துவது. ரோபோவில் ஆரஞ்சு விளக்கு மினுக்காமல் நிலையாக எரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மினுக்கினால் ரோபோ இன்னும் எனேபிளில், அதாவது இயங்கும் நிலையில், இருக்கிறது. சக்கரங்கள் தரையைத் தொடாதபடி கட்டைமேல் ஏற்றி, கையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ரீபூட். ரோபோ எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் பல ஜைரோக்கள் தொடக்கத்தில்தான் தம்மைச் சரிசெய்துகொள்ளும், அந்த நேரம் யாரும் ரோபோவை அசைக்கக் கூடாது.

முழு ரோபோவின் மின்சாரத்தையும் துண்டிக்கும் பிரேக்கரை அணைத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்பது பாதி உண்மை. மோட்டாரே பிடித்து நிறுத்தும் பிரேக் மோடில் அந்தரத்தில் நின்ற கை, மின்சாரம் போனதும் தொப்பென்று விழலாம். காற்றழுத்தத்தால் இயங்கும் பாகங்களுக்கான காற்றுத் தொட்டியில் 120 பிஎஸ்ஐ வரை அழுத்தம் அப்படியே இருக்கும். வால்வைத் திறந்து அதை வெளியேற்றாமல் உங்கள் கையை உள்ளே விடாதீர்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. ஓட்டுநர் லேப்டாப்பில் ஓடும் டிரைவர் ஸ்டேஷன் மென்பொருளிலிருந்து, ரோபோவின் மூளையான ரோபோரியோ கணினியை மட்டும் ரீபூட் செய்தால், மோட்டார்களை இயக்கும் கன்ட்ரோலர்களுக்கு மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். யாரோ லேப்டாப்பிலிருந்து அவற்றில் மாற்றிய சுழற்சித் திசையோ மின்னோட்ட வரம்போ, நிலையாகச் சேமிக்கப்படாமலே வேலை செய்துகொண்டிருக்கும். பட்டறையில் எல்லாம் ஜோர். போட்டியில் பேட்டரியை மாற்றும்போது அந்த அமைப்பு மறைந்துபோகும், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே கடைசிச் சோதனையை மட்டும் பிரேக்கரை அணைத்து, மறுபடி போட்டே செய்கிறோம்.

அப்புறம், முதல் எனேபிள். ஒருவர் விரல் ஸ்பேஸ் பார் மேலேயே இருக்க வேண்டும். டிரைவர் ஸ்டேஷன் ஜன்னல் பின்னால் மறைந்திருந்தாலும் அது அவசர நிறுத்தமாக வேலை செய்யும். ஆனால் அசல் ஆட்டத்தில் அது செல்லாது, களத்தில் உள்ள பட்டனைத்தான் அழுத்த வேண்டும். இதைப் புது ஓட்டுநர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். அழுத்திவிட்டால் ரோபோரியோவை ரீபூட் செய்யாமல் ரோபோ நகராது. அந்தக் காத்திருப்பு பிடிக்காமலேயே சிலர் விரலைத் தயங்கவிடுகிறார்கள். எங்கள் பட்டறையில் தேவையில்லாமல் அழுத்தியதற்கு யாரையும் திட்டுவதில்லை.